ஆறும் ஓடும், மீட்டரும் ஓடும்! (கேள்வி–பதில்)

போன மாதம் ஏதோ ஒரு பதிலில் ‘கதவணை’ என்று போகிற போக்கில் சொல்லிவைத்தேன். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு மூட்டைக் கடிதம்! ஆகவே இந்த வாரம் முழுக்க ஆற்று மின்சாரம். சினிமாக் கேள்வி அனுப்பியவர்கள் பொறுக்கவும். நடிகர்கள் எங்கும் ஓடிவிட மாட்டார்கள், ஆறு ஓடிவிடும்.

கே: அணை தெரியும். கதவணை என்றால் என்ன? இரண்டும் ஒன்றுதானே? (பத்தாம் வகுப்பு மாணவி, எடப்பாடி)

ப: இல்லை பாப்பா. அணை சேர்த்து வைக்கும். கதவணை வந்ததை அனுப்பி வைக்கும். மேட்டூர் 93.47 டி.எம்.சி. தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, எப்போது விடலாம் என்று யோசிக்கும். கதவணைக்கு அந்த யோசனையெல்லாம் கிடையாது. ஆற்றின் குறுக்கே வரிசையாக ஷட்டர், நீர்மட்டத்தைச் சில மீட்டர் தூக்குவது, வருகிற தண்ணீரை டர்பைன் வழியாகக் கீழே இறக்குவது. இதற்குப் பெயர்தான் ஆற்றோட்ட மின் நிலையம். தேர்வில் இரண்டு மார்க் கேள்வியாக வந்தால் எனக்கு ஒரு மார்க்.

கே: காவிரியில் எங்கெங்கே இருக்கின்றன? (பேருந்து நடத்துநர், பவானி)

ப: மேட்டூரிலிருந்து டிக்கெட் கிழியுங்கள். செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை. உங்கள் ஊர் தாண்டினால் சமயசங்கிலி, வெண்டிபாளையம், சோழசிராமணி. ஏழு ஸ்டாப். ஒவ்வொன்றிலும் 15 மெகாவாட் இயந்திரம் இரண்டு. மொத்தம் 210 மெகாவாட். கரூர் எல்லாம் அப்புறம்தான். சில்லறை சரியாகக் கொடுக்கவும்.

கே: ஒரே தண்ணீரில் ஏழு தடவை மின்சாரம் எடுப்பது கணக்கில் இடிக்கிறதே? (தணிக்கையாளர், சேலம்)

ப: இடிக்காது. செலவாவது தண்ணீர் அல்ல, அது இறங்குகிற உயரம். ஏழு படி இறங்குகிறது, ஏழு முறை வேலை பார்க்கிறது. கர்நாடகத்தில் சிவசமுத்திரத்தையும் நம் மேட்டூரையும் சேர்த்தால் ஒன்பது. ஒன்பது இடத்தில் உழைத்துவிட்டுத் தஞ்சாவூரில் நெல்லும் விளைவிக்க வேண்டும். இத்தனைக்கும் காவிரிக்கு ஓவர்டைம் கிடையாது.

கே: கரண்ட் எடுத்துவிட்ட தண்ணீரில் சத்து போய்விடும் என்று எங்கள் தாத்தா சொல்வார். உண்மையா? (விவசாயி, திருவையாறு)

ப: தாத்தா பாதி சரி. கரண்ட் எந்தச் சத்தையும் உறிஞ்சவில்லை. டர்பைனுக்குள் போன அதே தண்ணீர்தான் வெளியே வருகிறது. ஆனால் உங்கள் வயலுக்கு வர வேண்டிய வண்டல் மேட்டூர் அணையின் அடியில் 1934 முதல் உட்கார்ந்திருக்கிறது. திருட்டு நடந்தது நிஜம், தாத்தா காட்டிய ஆள்தான் தப்பு.

கே: ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்? (இல்லத்தரசி, ஈரோடு)

ப: உயரத்தைச் சொல்லுங்கள், தண்ணீரைச் சொல்கிறேன். ஒரு வினாடிக்கு ஒரு கனமீட்டர் தண்ணீர் ஒரு மீட்டர் விழுந்தால் 9.81 கிலோவாட். இதுதான் இந்தத் தொழிலின் மூல மந்திரம்.

கதவணையில் 6 மீட்டர் இறக்கம் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்குத் தொண்ணூறு தேறும் நல்ல இயந்திரம் என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு யூனிட்டுக்குச் சுமார் 68,000 லிட்டர் ஆகும். 12,000 லிட்டர் டேங்கர் லாரி கிட்டத்தட்ட ஆறு!

அதே ஒரு யூனிட்டை நீலகிரியில் பைக்காரா 500 லிட்டருக்குள் முடித்துவிடும். அங்கே தண்ணீர் 900 மீட்டருக்கு மேல் விழுகிறது. மலைக்காரன் உயரத்தில் சம்பாதிக்கிறான், சமவெளிக்காரன் அளவில் சம்பாதிக்கிறான். நீங்கள் மாவரைக்கும்போது இதையெல்லாம் நினைக்க வேண்டாம், உளுந்தைப் பாருங்கள்.

கே: ஆற்றின் ஓட்டத்தை நம்பிய நிலையம் என்கிறீர்கள். காவிரியில் ஓட்டத்தைத் தீர்மானிப்பது யார்? (வழக்கறிஞர், தஞ்சாவூர்)

ப: ‘வானம்’ என்று சொன்னால் என்னைக் கவிஞர் என்பீர்கள். விஷயம் அப்படியில்லை. டெல்டா பாசனத்துக்கு மேட்டூரை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். தண்ணீர் இருந்தால் அந்தத் தேதி, இல்லாவிட்டால் ஆகஸ்டோ செப்டம்பரோ. பயிருக்குத் திறக்கும்போதுதான் கதவணைகளுக்குக் கொண்டாட்டம். மூடிவிட்டால் குடிநீருக்கு வருகிற கொஞ்சத்தை வைத்து ஒப்பேற்ற வேண்டியதுதான்.

மேட்டூருக்கு வருவதைக் கர்நாடகம் தீர்மானிக்கிறது. கர்நாடகம் விட வேண்டியதை 2018 முதல் காவிரி மேலாண்மை ஆணையம் தீர்மானிக்கிறது. ஆணையம் சொன்னதை யார் கேட்பது என்பதை நீங்களே உச்ச நீதிமன்றத்தில் வாதாடுகிறீர்கள். காவிரியில் ஓடுவது பாதி தண்ணீர், பாதி அரசாணை.

கே: அப்படியானால் வெள்ளம் வந்தால் கரண்ட் கொட்டோ கொட்டென்று கொட்டுமே? (ஆட்டோ ஓட்டுநர், குமாரபாளையம்)

ப: நின்றுவிடும்! நான் சொன்ன மந்திரத்தில் உயரம் என்று ஒன்று இருந்ததே, அதைத் திரும்பப் பாருங்கள். பெருவெள்ளத்தில் கதவணைக்கு மேலே உள்ள மட்டம் ஏறுவதைவிடக் கீழே உள்ள மட்டம் வேகமாக ஏறும். இரண்டும் நெருங்கிவிட்டால் விழுவதற்கு உயரமே இல்லை. லட்சம் கனஅடிக்கு மேல் காவிரி கரைபுரளும்போது ஷட்டர்களைத் தூக்கிவிட்டு இயந்திரத்தை நிறுத்தி வைப்பார்கள்.

6 மீட்டர் கணக்கில் இரண்டு இயந்திரமும் முழு வீச்சில் ஓட 20,000 கனஅடி போதும். அதற்கு மேல் வருவதெல்லாம் ஓசியில் போகிற தண்ணீர். சவாரி அதிகம் என்றாலும் உங்கள் ஆட்டோவில் மூன்று பேர்தானே? (மூன்று பேர்தான் என்று நம்புகிறேன்.)

கே: அரசியல்வாதி எந்த ரகம்? அணையா, கதவணையா? (டீக்கடைக்காரர், சங்ககிரி)

ப: அணை. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறைதான் ஷட்டர் திறக்கும்.

கே: ஓடிக்கொண்டிருக்கும் டர்பைன் திடீரென்று டிரிப் ஆனால் என்ன ஆகும்? (டிப்ளமோ மாணவர், கோவை)

ப: நல்ல கேள்வி. இன்டர்வியூவிலும் கேட்பார்கள்.

மின்கம்பிப் பாதையில் கோளாறு, ஜெனரேட்டர் கிரிட்டிலிருந்து கழன்றுகொண்டது. அதுவரை சுமையைத் தள்ளிக்கொண்டிருந்த இயந்திரத்துக்கு இப்போது தள்ள எதுவுமில்லை. தறிகெட்டுச் சுற்ற ஆரம்பிக்கும். உடனே கவர்னர் விழித்துக்கொண்டு, தண்ணீரை உள்ளே விடும் வழிகாட்டித் தகடுகளை மூடும். (ராஜ்பவன் கவர்னர் அல்ல, இந்தக் கவர்னர் உடனே வேலை செய்யும்.) மலையிலிருந்து நீளக் குழாயில் தண்ணீர் வரும் நிலையமாக இருந்தால் சட்டென்று மூடவும் கூடாது. ஓடிவந்த தண்ணீர் முட்டிக் குழாயே வெடிக்கும்.

கூத்து அதற்கப்புறம்தான். இயந்திரம் நின்றது, ஆறு நிற்கவில்லை! டர்பைன் வழியாகப் போய்க்கொண்டிருந்த பத்தாயிரம் கனஅடி இப்போது எங்கே போகும்? ஷட்டரைத் தூக்கி அதே அளவைக் கீழே விட்டாக வேண்டும். விடாவிட்டால் மேலே மட்டம் எகிறும், கீழே அடுத்த கதவணை காயும். ஒரு நிலையத்தின் தும்மல் ஏழு நிலையத்துக்கும் கேட்க வேண்டும். போனை எடுக்காத ஷிஃப்ட் இன்ஜினியர் இந்த வேலைக்கு லாயக்கில்லை.

கே: கதவணையில் ஜெனரேட்டரே தண்ணீருக்குள் இருக்கிறதாமே? ஷாக் அடிக்காதா? (எலக்ட்ரீஷியன், திருச்செங்கோடு)

ப: இருக்கிறது. அடிக்காது. பெரிய இரும்புக் கூட்டுக்குள் ஜெனரேட்டரை அடைத்து, தண்ணீர் போகும் வழியின் நட்டநடுவில் நிறுத்தியிருப்பார்கள். பல்ப் டர்பைன் என்று பெயர். தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு போய் விசிறியில் மோதும். பழுது பார்க்கிறவர் மேலிருந்து ஒரு குழிவழியாக ஏணியில் இறங்கி உள்ளே போவார். அவர் ஸ்பானரைத் திருகிக்கொண்டிருக்க, இரும்புச் சுவருக்கு அந்தப் பக்கம் காவிரி நிற்கும்.

வேகம்? மெதுவாகத்தான். 50 ஹெர்ட்ஸ் வேண்டும், நிமிடத்துக்கு 100 சுற்றுத்தான் வரும் என்றால் ஜெனரேட்டரில் 60 காந்தத் துருவங்களை வைத்துச் சரிக்கட்டுவார்கள். அவசரமில்லாதவனுக்கு ஆள்பலம் வேண்டும்.

கே: ஆகாயத்தாமரையால் எங்கள் பிழைப்பு போச்சு. மின்வாரியத்துக்கு அந்தத் தொல்லை இல்லையா? (பரிசல்காரர், பவானி)

ப: உங்களைவிட அதிகம்! டர்பைன் வாயில் ஓர் இரும்புக் கம்பித் தட்டி இருக்கும். ஆகாயத்தாமரை, பிளாஸ்டிக் பாட்டில், பழைய சேலை, சாமிக்குப் போட்ட மாலை எல்லாம் அங்கே வந்து அப்பிக்கொள்ளும். தட்டி அடைத்தால் தண்ணீர் திணறும், மெகாவாட் இறங்கும். வாரி எடுக்க இயந்திரம் வைத்திருக்கிறார்கள். புண்ணியத்துக்காக ஆற்றில் விட்ட துணியை யாரோ ஒருவர் சம்பளத்துக்காக வெளியே எடுக்கிறார்.

கே: பூலாம்பட்டிக்குப் படகு சவாரிக்குப் போனேன். ஆற்றில் தண்ணீரே இல்லை. ஏமாற்றிவிட்டார்களே! (சுற்றுலாப் பயணி, நாமக்கல்)

ப: ‘குட்டி கேரளா’வுக்குக் காலண்டர் பார்க்காமல் போனது உங்கள் குற்றம். நெரிஞ்சிப்பேட்டைக் கதவணை தேக்கி வைத்த தண்ணீரில்தான் அந்தப் படகே மிதக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை பராமரிப்புக்காக ஷட்டர்களைத் திறந்து மொத்தத்தையும் வடித்துவிடுவார்கள். அன்றைக்குப் படகுத்துறைக்கு லீவு, பாறைகளுக்கு வெளிச்சம், மீன்பிடிக்கிறவர்களுக்குத் திருவிழா. நீங்கள் கேமராவுக்குப் பதில் கூடை கொண்டுபோயிருக்க வேண்டும்.

கே: பெல்ட்டன், பிரான்சிஸ், கப்ளான்... யார் இந்த மூவர்? (பாலிடெக்னிக் மாணவி, திருச்சி)

ப: உலக ஆறுகளை உயரவாரியாகப் பங்கு போட்டுக்கொண்டவர்கள். உயரம் நிறைய, தண்ணீர் கொஞ்சம் என்றால் பெல்ட்டன். கலிபோர்னியாவுக்குத் தங்கம் தேடிப் போய்த் தச்சு வேலையில் இறங்கி, 1880-ல் காப்புரிமை வாங்கியவர். இரண்டும் நடுத்தரம் என்றால் பிரான்சிஸ். அமெரிக்காவின் லோவெல் நகரம், 1848. உயரம் கொஞ்சம், தண்ணீர் ஏராளம் என்றால் கப்ளான். தண்ணீருக்கேற்ப இதழ்களைத் திருப்பிக்கொள்ளும் விசிறி அவருடையது. நம் கதவணைகளில் சுற்றுவது கப்ளான் வம்சம். தங்கம் தேடிப் போனவருக்கு மட்டும் தண்ணீரில் கிடைத்தது.

கே: காவிரியில் முதலில் மின்சாரம் எடுத்தது நாங்கள்தான். ஒப்புக்கொள்வீர்களா? (மென்பொருள் பொறியாளர், பெங்களூரு)

ப: தாராளமாக. சிவசமுத்திரம், 1902. திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் தொடங்கிய வேலை. திறப்பைப் பார்க்க அவர் இல்லை. முந்தைய வருடமே காலமாகிவிட்டார். அங்கிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரத்தைக் கோலார் தங்கச் சுரங்கத்துக்குக் கொண்டுபோனார்கள். அன்றைக்கு உலகத்திலேயே மிக நீளமான பாதைகளில் ஒன்று. பெங்களூரு தெருவிளக்கு எரிய 1905 வரை காத்திருந்தது. தங்கத்துக்கு முதல் பந்தி, தெருவுக்கு இரண்டாம் பந்தி.

இதில் ஒரு சுவாரஸ்யம். சிவசமுத்திரமும் ஆற்றோட்ட நிலையம்தான். கோடையில் காவிரி இளைத்தால் மின்சாரமும் இளைக்கும். சுரங்கக் கம்பெனி முகம் சுளிக்கும். ‘மேலே ஓர் அணை கட்டித் தண்ணீரைப் பிடித்து வைத்தால் என்ன?’ என்ற யோசனைக்கு அதுவும் ஒரு பெரிய காரணம். 1911-ல் கிருஷ்ணராஜ சாகர் வேலை தொடங்கியது. அதற்கப்புறம் சென்னைக்கும் மைசூருக்கும் நடந்த கடிதப் போக்குவரத்தைத்தான் நாம் இன்னும் முடிக்கவில்லை. ஆக, முதல் மின்சாரமும் உங்களுடையது. வழக்கில் முக்கால்வாசியும் உங்களுடையது.

கே: ஆற்றோட்டத் திட்டத்தில் ஆறு தடைபடாது என்கிறார்களே, பிறகு ஏன் போராட்டம்? (கல்லூரி ஆசிரியர், மதுரை)

ப: இதில் இரண்டு ஜாதி உண்டு. கதவணை ரகத்தில் தண்ணீர் ஒரு பக்கம் நுழைந்து, மறுபக்கம் உடனே ஆற்றில் விழும். மலை ரகம் வேறு. தண்ணீரை ஓரிடத்தில் திருப்பிச் சுரங்கத்தில் விட்டு, வெகு தூரம் தள்ளி, வெகு ஆழத்தில் வெளியே எடுப்பார்கள். இமாசலத்தில் சட்லெஜ் மீது நாத்பா ஜாக்ரி, 1,500 மெகாவாட். சுரங்கம் 27.4 கிலோமீட்டர்! நடுவில் உள்ள கிராமத்துக்காரன் குளிர்காலத்தில் ஆற்றை எங்கே தேடுவான்?

2018-ல் மத்திய அரசு மேல் கங்கைக்கு ஒரு விதி போட்டது. பருவத்துக்கேற்ப 20, 25, 30 சதவீதத் தண்ணீரை ஆற்றிலேயே விட்டாக வேண்டும். கங்கைக்கே ரேஷன் கார்டு.

கே: நாத்பா ஜாக்ரியை மழைக்காலத்தில் அவ்வப்போது நிறுத்திவிடுகிறார்களாமே? (ஓய்வுபெற்ற போர்மேன், நெய்வேலி)

ப: மணல். சட்லெஜ் கொண்டுவரும் குவார்ட்ஸ் துகள் டர்பைன் இதழை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடும். அதற்காகவே பூமிக்கடியில் 525 மீட்டர் நீளத்தில் வண்டல் படியும் அறைகள் வெட்டியிருக்கிறார்கள். அதற்கும் அடங்காமல் மணல் வந்தால் நிலையத்தையே நிறுத்துவார்கள். அங்கே மணல் 1,500 மெகாவாட்டை நிறுத்துகிறது. நம் ஊரில் மணலை நிறுத்தத்தான் ஆளில்லை.

கே: இமயமலையில் இத்தகைய நிலையங்கள் பாதுகாப்பானவையா? (வாசகர், திருநெல்வேலி)

ப: இதற்கு நகைச்சுவை கிடையாது. 2021 பிப்ரவரி 7, உத்தராகண்ட். மலையிலிருந்து பாறையும் பனியும் சரிந்து வந்தன. 13.2 மெகாவாட் ரிஷிகங்கா நிலையம் அடித்துப் போனது. கட்டிக்கொண்டிருந்த தபோவன் சுரங்கத்துக்குள் தொழிலாளர்கள் மாட்டிக்கொண்டார்கள். இறந்தவர்கள், காணாமல் போனவர்கள் 200 பேருக்கு மேல். 1974-ல் பெண்கள் மரத்தைக் கட்டிப்பிடித்துக் காப்பாற்றிய ரேணி கிராமம் அங்கேதான்.

2023 அக்டோபர் 4, சிக்கிம். பனி ஏரி உடைந்து, 1,200 மெகாவாட் தீஸ்தா-3 திட்டத்தின் சுங்தாங் அணை போயிற்று. ‘தேக்கமே இல்லை, ஆபத்தே இல்லை’ என்று சொல்லித்தான் மலைநாடுகளில் இவற்றைக் கட்டுகிறார்கள். அணைக்குப் பின்னால் இருக்கும் தண்ணீரை அளந்தார்கள். மலைக்குப் பின்னால் இருந்ததை அளக்கவில்லை.

கே: பாகிஸ்தானோடு ஆற்றோட்ட நிலையத்துக்கு என்ன சண்டை? (முன்னாள் ராணுவ வீரர், வேலூர்)

ப: 1960 சிந்து நதி ஒப்பந்தப்படி, மேற்கு ஆறுகளில் நாம் ஆற்றோட்ட நிலையம் கட்டலாம், தேவைக்கு மேல் தேக்கக் கூடாது. எது தேவை? அங்கேதான் வம்பு. செனாப் மீது பக்லிஹார் கட்டியபோது விவகாரம் உலக வங்கி வரை போயிற்று. அது நியமித்த சுவிஸ் பொறியாளர் ரேமண்ட் லாஃபித் 2007-ல் தீர்ப்புச் சொன்னார். திட்டம் சரி, அணையின் தலையில் ஒன்றரை மீட்டரைக் குறை! அணுகுண்டு வைத்திருக்கும் இரண்டு நாடுகள் ஒன்றரை மீட்டருக்குப் பஞ்சாயத்து வைத்தன. 2025 ஏப்ரலில் இந்தியா ஒப்பந்தத்தையே நிறுத்தி வைத்துவிட்டது. இனி மீட்டரில் அளக்க முடியாது.

கே: நயாகரா பார்த்திருக்கிறீர்களா அங்கிள்? (தமிழ்ச்செல்வர், டொராண்டோ)

ப: எந்த நயாகரா? முழுசா, பாதியா? 1950-ல் கனடாவும் அமெரிக்காவும் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. சுற்றுலாக் காலத்தில், பகல் வேளையில் அருவிக்கு வினாடிக்கு ஒரு லட்சம் கனஅடி. மற்ற நேரங்களில் ஐம்பதாயிரம் போதும். மிச்சமெல்லாம் மின் நிலையங்களுக்கு. கோடையில் இரவு பத்து மணிக்கு மேல் பார்க்கப் போகிறவர் பாதி அருவிக்கு முழு பார்க்கிங் கட்டணம் கட்டுகிறார்.

கே: எங்கட செயின்ட் கிளேயர் அருவியையும் அப்படித்தான் ஆக்கிப்போட்டினம். எழுதுவீர்களா? (ஆசிரியை, தலவாக்கலை)

ப: எழுதினேன் டீச்சர். மேல் கொத்மலை, 150 மெகாவாட், 2012 முதல். தலவாக்கலையில் அணை, பிறகு சுமார் 13 கிலோமீட்டர் சுரங்கம். ‘குட்டி நயாகரா’ என்று பெயரெடுத்த அருவி பெயருக்கேற்ப நயாகராவின் தலைவிதியையும் வாங்கிக்கொண்டது. நாட்டுக்கு வெளிச்சம் தேவைதான். தேயிலைத் தோட்டத்து லயன் அறைகளுக்கு அதில் எவ்வளவு வந்தது என்ற கணக்கையும் யாராவது போட வேண்டும்.

கே: இதைப் பற்றி யாராவது பாட்டு எழுதியிருக்கிறார்களா? (மெல்லிசைக் குழு, திண்டுக்கல்)

ப: 1941. கொலம்பியா ஆற்று மின்சாரத்தை விற்கும் அமெரிக்க அரசு நிறுவனம் வுடி கத்ரி என்ற நாட்டுப்புறப் பாடகரை ஒரு மாத வேலைக்கு வைத்தது. அவர் 26 பாட்டு எழுதினார். சம்பளம் 266 டாலர் சொச்சம். பாட்டுக்குப் பத்து டாலர்! நம் மின்வாரியம் யாரையும் வைக்கவில்லை. கரண்ட் போகும்போது ஜனங்கள் பாடுவதே போதும் என்று நினைத்திருக்கலாம்.

கே: அதே ஆற்றில் மீனுக்குப் படிக்கட்டு இருக்கிறதாமே, கதையா? (மீன் வியாபாரி, ஈரோடு)

ப: நிஜம். பான்வில் அணை, 1938. சால்மன் மீன் எதிர்நீச்சல் போட்டு முட்டையிடப் போகும். அதற்காகப் படிப்படியாகத் தண்ணீர்த் தொட்டிகள். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து போகிற மீனை ஆள் வைத்து எண்ணுகிறார்கள். நம் ஊரில் மீனை எண்ணுவது தராசில்தான்.

கே: மொட்டை மாடித் தொட்டித் தண்ணீரில் டர்பைன் வைத்தால் கரண்ட் பில் மிச்சமாகுமா? (கண்டுபிடிப்பாளர், சிவகாசி)

ப: ஆயிரம் லிட்டர், பத்து மீட்டர் உயரம். சின்ன டர்பைனில் தேறுவது சுமார் 16 வாட்-மணி. 9 வாட் பல்பு இரண்டு மணி நேரம்கூட எரியாது. அந்தத் தண்ணீரை மேலே ஏற்ற உங்கள் மோட்டார் தின்றது அதைப்போல் மூன்று நான்கு மடங்கு. காப்புரிமை வாங்குங்கள், மின்வாரியம் பாராட்டு விழா எடுக்கும்.

கே: ஆற்று மின்சாரம் புதுப்பிக்கத்தக்கதுதானே? (ஐ.ஏ.எஸ். தேர்வர், சென்னை)

ப: 2019 மார்ச் வரை இந்தியாவில் 25 மெகாவாட்டுக்கு மேல் போனால் அந்தப் பட்டியலில் இடமில்லை. பிறகு மத்திய அரசு ஒரே முடிவில் எல்லா ஆற்றையும் புதுப்பித்துவிட்டது.

கே: ஓசியில் ஓடும் ஆற்றில் எடுக்கும் கரண்ட்டுக்கு எதற்குப் பில்? (விசைத்தறியாளர், பள்ளிபாளையம்)

ப: ஆறு ஓசி. ஷட்டர், டர்பைன், கம்பி, ராத்திரி ஷிஃப்ட் ஓசி இல்லை. வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசமாக வருகிறதே, அதைக் கதவணையில் எடுத்தால் 68 லட்சம் லிட்டர் காவிரி உங்களுக்காக இறங்கியிருக்கிறது. ஃபேனை அணைத்துவிட்டு அடுத்த கேள்வி எழுதுங்கள்.

கே: கதவணைக்குக் கீழே பாறைகளுக்கு நடுவே தண்ணீர் கொஞ்சமாக, தெளிவாக ஓடுகிறது. குடும்பத்தோடு குளிக்கலாமா? (வங்கி ஊழியர், சேலம்)

ப: கூடாது. வானம் தெளிவாக இருப்பது அத்தாட்சி அல்ல. மழையே இல்லாத நாளிலும் உள்ளே ஓர் இயந்திரம் டிரிப் ஆனால் ஷட்டர் தூக்குவார்கள். கணுக்கால் தண்ணீர் கழுத்துத் தண்ணீராக நிமிடங்கள் போதும். எச்சரிக்கைப் பலகையின் முன் நின்று செல்ஃபி எடுக்கிறவர்கள் அதில் எழுதியிருப்பதையும் படிக்கவும். குளித்தே ஆக வேண்டுமென்றால் பவானி கூடுதுறைக்குப் போங்கள், படித்துறை இருக்கிறது.